பச்சைக் காருக்கு விட்ட இடம்

எங்கள் வீட்டு ஹாலில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருக்கிறது. உள்ளே பத்துக் கார்கள். எல்லாம் அந்தக் காலத்துக் கார்களின் அச்சு அசல் குட்டிகள். அசலில் பதினெட்டில் ஒரு பங்கு அளவு. கதவு திறக்கும், பானெட் திறக்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். ஆனால் யாரும் திருப்பக் கூடாது, அது வேறு விஷயம். மகளுக்குக் காய்ச்சல் என்று புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போக, ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டு போய், பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். வீட்டில் பத்துக் கார்!

கணவர் கல்ஃபில் இருக்கிறார். அறந்தாங்கியில் இதைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எங்கள் தெருவில் பாதி ஆம்பளைகள் அங்கேதான். இவருக்கு வாய்த்த வேலைதான் விசித்திரம். பெரிய பணக்காரர் ஒருவர் பழைய கார்களாக வாங்கி ஏசி கூடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார். அவற்றைத் துடைப்பது இவர் வேலை. ஓட்டக் கூடாது, துடைக்கலாம். எந்தக் காரைத் துடைக்கிறாரோ அதே காரின் குட்டியைத் தேடி வாங்கி, லீவுக்கு வரும்போது கொண்டுவருவார். ஆக, அங்கே பெரிசை அவர் துடைக்கிறார், இங்கே சின்னதை நான் துடைக்கிறேன். என் தலையெழுத்து.

துடைப்பதென்றால் கரித்துணியை எடுத்துத் துடைத்துவிட முடியாது. முகத்துக்குப் பவுடர் போடுகிற மெத்தென்ற பிரஷ் ஒன்று இதற்கென்றே வாங்கிக் கொடுத்திருக்கிறார். விரல் படக் கூடாது, வெயில் படக் கூடாது. வீடியோ கால் வந்தால் "சாப்பிட்டியா" என்று கேட்ட வாய் மூடுவதற்குள் "அந்தச் செவப்புக் காரக் காட்டும்மா, தூசி இருக்கா பாப்போம்" என்பார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், அவர் கொடுத்த வாக்கு. "இங்க மொத்தம் பதினொரு வண்டிம்மா. பதினொண்ணும் நம்ம அலமாரிக்கு வந்துருச்சுன்னா செட்டு முடிஞ்சுரும். அன்னைக்கே விசாவ கேன்சல் பண்ணிட்டு வந்துர்றேன்." ஊருக்குத் திரும்புவதற்கு எவனாவது இப்படி ஒரு கணக்கு வைப்பானா? இவர் வைத்தார். நானும் நம்பினேன். கண்ணில் கண்டாலே பிடிக்காத அந்தக் கார்களை வாங்குங்க, வாங்குங்க என்று நானே விரட்டினேன்.

பத்து வந்துவிட்டது. பதினொன்றாவது பச்சைக் கார் மட்டும் வரவில்லை. அதைச் செய்த கம்பெனி இப்போது செய்வதில்லையாம். நடுத்தட்டில் அதற்கென்று ஓர் இடத்தை விட்டுவைத்து, அந்தக் காலி இடத்தையும் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக யாரோ ஒருவர் அதை விற்கிறார் என்று தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் இவர் சொல்கிறார்: "வேணாம்னுட்டேம்மா. பக்கக் கண்ணாடி ஒண்ணு ஒடஞ்சிருக்கு."

அந்தக் கண்ணாடி ஓர் உளுந்து அளவு இருக்குமா? அதற்காக வேண்டாம் என்றுவிட்டார். அன்றைக்கு நான் போனை வைத்தவள் இரண்டு நாள் எடுக்கவேயில்லை.

அதுகூடப் போகட்டும். அடுத்த மாதம் ஒரு நாள் வாயெல்லாம் பல்லாகக் கூப்பிட்டார். "மொதலாளி இன்னொரு வண்டி எறக்கிட்டாரும்மா! மஞ்சக் கலரு. என்னா அழகுங்கிற!"

ஆக, பன்னிரண்டு. அந்த மனுஷர் வாங்கிக்கொண்டே இருப்பார், இவர் துடைத்துக்கொண்டே இருப்பார், நான் இங்கே கிழவியாகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். போனை வைத்துவிட்டு நேரே கடைத்தெருவுக்கு நடந்தேன். ஃபேன்சி ஸ்டோரில் பிளாஸ்டிக் கார் பச்சையில் ஒன்று வாங்கினேன். மஞ்சளில் கார் இல்லை, பொக்லைன்தான் இருந்தது. அதையும் வாங்கி வந்து இரண்டையும் நடுத்தட்டில் நிறுத்திவிட்டு நானே போன் போட்டேன்.

"என்னம்மா அது?"

"ஒங்க செட்டு. முடிஞ்சுபோச்சு. கெளம்பி வாங்க."

முதலில் சிரித்தார். அப்புறம் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். "அளவே தப்பும்மா. அந்த வண்டியோட பின்டயரு பாதிதான் வெளிய தெரியணும். அந்தப் பொக்லைன மொதல்ல எடு, கண்றாவியா இருக்கு."

பொறுமைக்கும் ஓர் அளவு உண்டுதானே. கத்திவிட்டேன். "அளவா? எந்த டயரு எம்புட்டுத் தெரியணும்னு தெரியுதுல்ல? ஒங்க மக எம்புட்டு ஒசரம் இருக்கா? அந்த அளவச் சொல்லுங்க பாப்போம்!"

அவர் எழுந்து நின்று, கையைத் தன் நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டினார். மூன்று வருஷத்துக்கு முன்னால், போன லீவில் அவள் அவ்வளவுதான் இருந்தாள். நான் மகளைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிற்க வைத்துப் போனைத் தூரமாகப் பிடித்தேன். என்னைவிட அரைத் தலை உயரமாக நின்றாள். போனில் தினமும் முகத்தை மட்டுமே பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் கை நெஞ்சிலேயே இருந்தது. அப்புறம், "வைக்கிறேம்மா" என்று போனை வைத்துவிட்டார்.

சில வாரம் கழித்து, "வாரேம்மா, டிக்கெட் போட்டாச்சு" என்றார். வழக்கமான லீவு என்றுதான் நினைத்தேன். காலையில் வந்து இறங்கினார். இந்த முறை கார் பெட்டி எதுவும் இல்லை. குளித்தார், மகளைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார், சாப்பிட்டார். சாப்பிட்ட கை காய்வதற்குள் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அலமாரி முன்னால் உட்கார்ந்துவிட்டார். அடுப்படியிலிருந்து பார்த்த நான் பாத்திரத்தை ணங்கென்று வைத்தேன்.

அப்போது பக்கத்து வீட்டு அக்கா வந்தார். கல்ஃபிலிருந்து வருகிறவர்களிடம் எங்கள் ஊரில் எல்லோரும் கேட்கிற இரண்டு கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டார். "வாங்க தம்பி, எப்ப வந்தீங்க? எப்பக் கெளம்புறீங்க?"

பொக்லைனின் மண்வாரியைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "இல்லக்கா, இனிமே போகல. கேன்சல் பண்ணிட்டு வந்துட்டேன்."

நான் கரண்டியோடு ஹாலுக்கு ஓடிவந்தேன். "ஏங்க, இத என்கிட்டச் சொல்றதுக்கு என்ன? காலையில இருந்து வாயத் தொறக்கலையே!"

"இதத் தொடச்சு முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேம்மா."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அழுதுகொண்டேதான் திட்டினேன்.