குலவை இல்லாத ஆல்பம்

என் இரண்டாவது ஆல்பம் வந்தபோது திட்டியவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையை வைத்துத்தான் திட்டினார்கள். மண்வாசனை. அது இதில் இல்லையாம். மண்வாசனையாம், மண்ணாங்கட்டி. நான் சிந்தசைசரும் டிரம் மெஷினும் வைத்து ஆட்டப் பாட்டு போடுகிறவள். முதல் ஆல்பத்திலும் அதைத்தான் செய்தேன். ஆனால் அதில் தாளம் உச்சத்துக்கு ஏறும் இடத்தில் அம்மாவின் குலவை வந்து விழும். கீரமங்கலம் பக்கத்துப் பெண்கள் முளைப்பாரி எடுக்கும்போது போடுகிற அதே குலவை. திருக்கோகர்ணத்து வீட்டு அடுப்படியில் குக்கரை இறக்கிவைத்துவிட்டுப் போட்டுக் கொடுத்தாள். கல்யாண மண்டபமோ காலேஜ் விழாவோ, அந்த இடம் வந்தால்தான் ஜனம் குதித்தது.

இரண்டாவதில் குலவை இல்லை. ஊரை மறந்துவிட்டேன் என்று ஓர் இணைய இதழ் எழுதியது. எழுதியவருக்குப் புதுக்கோட்டைக்கு எந்த பஸ் ஏறுவது என்றாவது தெரியுமா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. யூடியூப் விமர்சகர் ஒருவர், ஒரு பாட்டில் தாளம் ஏறி ஏறி வந்து சட்டென்று ஒன்றுமில்லாமல் நிற்பதை எடிட்டிங் கோளாறு என்றே சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோளாறு இல்லை ஐயா, அந்த இடத்தை நான் வேண்டுமென்றுதான் காலியாக விட்டேன்.

இரண்டு ஆல்பத்துக்கும் நடுவில் அப்பா போய்விட்டார். அதன் பிறகு உறவில் ஒரு பெண்ணுக்குச் சடங்கு என்று போயிருந்தோம். பெண்கள் சுற்றி நின்று குலவை போடத் தொடங்கியதும் அம்மா மெல்ல நகர்ந்து சமையல்காரர்கள் பக்கம் போய் நின்றுகொண்டாள். போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் யாரும் சொல்லவில்லை. பிறகு இரண்டாவது ஆல்பத்துக்குக் குலவை போடச் சொல்லி நான் கேட்டபோது, "தாலி இல்லாதவ கொலவ போட்டா ஒன் பாட்டுக்கு ஆகாதுத்தா" என்றாள். அந்த 'ஆகாது' என்னைச் சுட்ட மாதிரி எந்த விமர்சனமும் சுடவில்லை. அவர்கள் தேடிய மண்தான் அவள் வாயை அடைத்திருந்தது. இதையெல்லாம் அவர்களுக்குப் பதிலாக எழுதி அவளை நாலு பேர் முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அம்மாவும் யூடியூப் பார்ப்பாள். ஒரு மத்தியானம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "கொலவ இல்லாம சப்புன்னு இருக்குங்குறாங்க" என்றாள்.

"பேசுறவன் பேசிட்டுப் போறான். நீ ஃபோன அங்கிட்டு வையி."

"என்னாலதான ஒனக்கு இந்தப் பேச்சு?"

"ஒன்னால இல்லம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து தெருக்கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், சத்தம் பதியக்கூடாது என்று ஃபேனையும் நிறுத்தினாள். "மைக்கப் போடு. அந்தக் காலி எடத்துல வச்சுக்க" என்றாள். அது கோளாறு இல்லை என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

போட்டாள். குரல் முன்னைவிட ஓங்கி வந்தது. அப்பா போன பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

அடுத்த மூச்சை இழுப்பதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் எதிர்வீட்டுக்காரம்மா, வாய் நிறையச் சிரிப்போடு நின்றார்.

"என்னக்கா, கொலவச் சத்தம் கேட்டுச்சு? பாப்பாவுக்கு எடம் எதுவும் அமைஞ்சிருச்சுங்களா? யாருக்கா போட்டது?"

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நம்ம வீட்டுல யாருத்தா கொலவ போட இருக்கா? இவ கம்ப்யூட்டர்ல பாட்டு ஓடுது" என்றாள்.

அவர் போனதும் கதவைச் சாத்தினாள். என் பக்கம் திரும்பாமலே, "அழிச்சிருத்தா" என்றாள். அழித்துவிட்டேன் என்று நான் சொல்லும்வரை அங்கேயே நின்றாள்.