மண்ணைத் தொடாத செருப்பு

எங்கள் வீட்டுத் தரையில் ஒரு கீறல் இருக்கிறது. வாசலில் தொடங்கி அடுப்படி வரை போய், திரும்பி வந்து கட்டிலருகே நின்றுவிடும். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு, சிவப்புச் சிமெண்டுத் தரை. முதலில் அதைப் பார்த்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆணியை இழுத்து விளையாடியிருக்கும் என்று நினைத்துச் சத்தம் போட்டேன். பிள்ளைகள் திருதிருவென்று விழித்தன. மறுநாள் கீறல் இன்னும் நீண்டிருந்தது.

கீறியது என் வீட்டுக்காரருடைய குதிகாலில் ஏறியிருந்த தூண்டில் முள். அவரோடு சேர்ந்து அதுவும் நடந்திருக்கிறது. கோயிலில் பூசைக்குப் போய் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நின்றிருக்கிறது. கோட்டாறுக்குப் போய் வலைக்கயிறு வாங்கியிருக்கிறது.

"வலிக்கலியா?" என்று கேட்டேன்.

"வலிச்சா சொல்ல மாட்டனா ஏட்டி," என்றார், நான் என்னவோ பழி சொன்னது போல.

வருஷக்கணக்காகச் சுகர். கால் எப்போது மரத்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் நூலால் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டு, தொடுவது தெரிகிறதா என்று கேட்டார்கள். தொடாதபோது "ஆமா" என்றார். தொட்டபோது பேசாமல் கிடந்தார். பள்ளிக்கூடத்தில் விடை தெரியாத பையன் போல, டாக்டர் முகம் எந்தப் பக்கம் இருக்கும் என்று மூடிய கண்ணாலேயே தேடினார்.

அதன் பிறகு புண். ஒரு மழைக்காலம் போய், கோடை வந்து, மறுபடி மழை வரும் வரைக்கும் புண். காலையில் கட்டைப் பிரிப்பேன், கழுவுவேன், மருந்து வைப்பேன், கட்டுவேன். அப்போது என்ன நினைத்தாய் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. சுனாமி அடித்த அந்த மார்கழியோடு எனக்கு அழுகை நின்றுபோனது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வந்தது, இருந்தது. புண்ணும் அப்படித்தான். தேயிலை போடுவது மாதிரி, பாத்திரம் விளக்குவது மாதிரி, புண்.

அந்த நாட்களில்தான் ஒரு பெண்பிள்ளை வந்தாள். நர்சிங் மேல்படிப்பு. காலில் புண் உள்ளவர்களுடைய மனசைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். டிரெஸ்ஸிங் அறைக்கு வெளியே பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்து கேள்வி கேட்டாள்.

"அங்கிள், கடந்த இரண்டு வாரங்களில் வாழ்வில் ஆர்வம் குறைந்ததாக உணர்ந்தீர்களா? எப்போதும், அடிக்கடி, சில வேளை, இல்லவே இல்லை. இதுல ஒண்ணு சொல்லுங்க."

"மக்களே, மனசு நல்லாத்தான் இருக்கு. காலுதான் கோவிச்சிட்டு இருக்கு."

"அப்ப இல்லவே இல்லைன்னு போடவா?"

"போடு. ஒனக்கு எது சௌகரியமோ அதப் போடு."

"ராத்திரி உறக்கம் வராது, சோறு பாதியில எந்திரிச்சிருவாரு," என்று நான் சொன்னேன்.

"ஆன்ட்டி, நீங்க சொல்லக்கூடாது. அங்கிள்தான் சொல்லணும்," என்றாள் மரியாதையாகத்தான்.

அடுத்த கேள்வி: "உங்கள் கால் உங்களுடையது அல்ல என்று தோன்றியதுண்டா?"

"எனக்க காலு இல்லன்னா யாருக்க காலு? பக்கத்து வீட்டுக்காரனுக்கா?" என்றார். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது அவர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். இடம் மாறி வந்து உட்கார்ந்த யாரோ ஒரு ஆளைப் பார்ப்பது மாதிரி.

புண் ஆறியது. ஆறினதும் டாக்டர் சொன்னது ஒன்றுதான்: இனி வெறுங்காலைக் கீழே வைக்கக் கூடாது. வீட்டுக்குள், குளிமுறிக்குள், தொழில் செய்கிற இடத்தில், எங்கேயும். இன்னொரு முள் ஏறினால் கால் மிஞ்சாது.

வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடந்தார். மாதாவின் படத்துக்கு முன்னால் வரும்போது மட்டும் திகைத்து நிற்பார். அதுவும் பழகிவிட்டது. வள்ளத்தில்தான் வழியில்லை. எங்கள் கடப்புறத்தில் செருப்போடு யாரும் வள்ளத்தில் ஏறுவதில்லை. எஞ்சின் பார்க்க வருகிற மெக்கானிக்கூட மணலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஏறுவான். நாலு வீட்டுக்கு ஒன்று என்று சுனாமிக்குப் பிறகு கிடைத்த வள்ளம் அது. அவர் தனியாக முடிவெடுக்கவும் முடியாது.

அவர் கரையில் இருந்தார். கிழிந்த வலையைப் பொத்தினார். வள்ளம் போகும்போது பார்ப்பார், வரும்போது எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவார். பேச்சு குறைந்தது. ஒரு நாள், "போறேன் ஏட்டி. வெறுங்காலோட போறேன். போனா காலுதான போகும்," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரல். அது எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். என்னுடைய குரல்.

நான் கடப்புறத்துக்குப் போனேன். பங்காளிகள் மூன்று பேரும் வலை உதறிக்கொண்டிருந்தார்கள். அவருடைய சித்தப்பா மகன்தான் அவர்களில் வாய்க்காரன்.

"செருப்பு ஏன் ஏறக் கூடாது?" என்று கேட்டேன்.

"என்ன மைனி இப்படிக் கேக்கிய? ரோட்டுல கெடக்க துப்பலு, சாணி எல்லாம் அதுக்க அடியிலதான இருக்கு. வள்ளம் நாம தொட்டுக் கும்பிடுற எடமில்லியா?"

"அப்ப மண்ணையே தொடாத செருப்புன்னா?"

அவன் உதறுவதை நிறுத்தினான். "அது எப்பிடி? பறந்தா வரும்?"

"நான் கொண்டு வாறேன். கீழ வைக்காம. வள்ளத்துலயே கெடக்கட்டும், எறங்கவே வேண்டாம்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வயசில் மூத்தவர் தாடையைச் சொறிந்தார். "மண்ணத் தொடலன்னா அது செருப்பில்லல்லா," என்றார் கடைசியில். "துடுப்பு மாதிரி. வள்ளத்துக்க சாமானம்."

"சாமானம்தான்," என்றான் சித்தப்பா மகன். "ஆனா மைனி, ஒரு மணலு ஒட்டியிருந்தாலும் நான் கடல்ல தூக்கி எறிஞ்சிருவேன், கேட்டேளா."

நெய்யூர்ப் பக்கம் ஒருவர் மரத்த கால்களுக்கென்று செருப்பு தைக்கிறார். கறுப்பு வார், அடியில் தடித்த மெத்து ரப்பர். வீட்டுச் செருப்பு தைத்தபோது எடுத்த அளவு அவரிடம் இருந்தது. தைத்து முடித்து, பழக்கத்தில் இரண்டையும் என் காலடியில் போட்டார், பார்த்துக்கொள்ளுங்கள் என்று. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கீழ போட்டுட்டியளே."

"செருப்ப வேற எங்க போட?"

விஷயத்தைச் சொன்னேன். "நல்லாத் தொடச்சுத் தாறேம்மா. யாருக்குத் தெரியும்?"

அவர் சொன்னது சரிதான். யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வள்ளத்தில் நாலு பேர் ஏறுகிறார்கள். கடலுக்குப் போய் வீட்டுக்குத் திரும்பாத ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். "இது வீட்டுக்கு இருக்கட்டும். இன்னொண்ணு தைங்க," என்றேன். தலையில் அடித்துக்கொண்டு தைத்தார். முடித்ததும் இரண்டு கையாலும் ஏந்தி என் மடியில் வைத்தார்.

பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கு?"

"வீட்டுக்காரருக்கு."

"பெருவியாதியா?"

குஷ்டக்காரர்களுக்கும் இதே மாதிரிச் செருப்புதான் கொடுப்பார்கள். "சுகர்," என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவ," என்று எழுந்து முன் சீட்டுக்குப் போனாள். எனக்கு இடம் தாராளமானது. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இரணியல் வந்தது, போனது.

கண்டக்டர், "அத சீட்டுக்கு அடியில வையுங்கம்மா," என்றார்.

"கீழ வைக்கக் கூடாது."

"செருப்பையா?"

"ஆமா."

"அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட் எடுங்க," என்று பஸ்ஸைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்து வெளிச்சமான பிறகு வள்ளம் தள்ளக் கூடினார்கள். நான் செருப்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தேன். சித்தப்பா மகன் வாங்கி, அடியைத் திருப்பி, ஊதி, விரலால் தடவிப் பார்த்தான். உள்ளே வைத்தான். அவர் வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, வீட்டுச் செருப்பைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, காலை உள்ளே தூக்கிப் போட்டு மற்றதை மாட்டினார். மற்றவர்கள் மணலில் நின்று தள்ள, அவர் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தார். பதினாறு வயதிலிருந்து அவரும் தள்ளியவர்.

"கல்யாண மாப்பிள பத்திரம்," என்றான் சித்தப்பா மகன். "மாலதான் குறைவு."

"லேய், தள்ளுல," என்றார். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். போய்விட்டார்கள்.

மத்தியானம் வந்தார்கள். மீன் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுச் செருப்பை மாட்டிக் கூட்டிவந்து, கட்டிலில் உட்கார வைத்து, காலை என் மடியில் எடுத்து வைத்து, உள்ளங்காலுக்குக் கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். முள் இல்லை, கீறல் இல்லை. உப்புநீரில் ஊறி வெளுத்திருந்தது.

"வெள்ளம் பட்டது தெரிஞ்சிதா?"

"இல்ல. சத்தம் கேட்டுது," என்றார். "நனைஞ்ச செருப்புக்குள்ள சளக்கு சளக்குன்னு. காலு அங்கதான் இருக்குன்னு தெரிஞ்சிது."

கால் உங்களுடையதா என்று அந்தப் பெண்பிள்ளை கேட்ட கேள்விக்கு இதை எந்த விடையில் சேர்ப்பாள் என்று நினைத்தேன். அவள் மறுபடி வரவில்லை, படிப்பு முடிந்திருக்கும்.

அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். வெயில் தரையில் விழுந்து, அந்தக் கீறல் மட்டும் தனியாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, என்னவோ தோன்றி, அவர் குதிகாலை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தது போல் குளிர்ந்திருந்தது. என் கைச் சூட்டில் மெல்ல மெல்லக் குளிர் விட்டது.

"இப்ப தொடுறியா?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

நான் தொட்டு வெகு நேரம் ஆகியிருந்தது.

"ஆமா," என்றேன். "இப்பதான்."