மணற்காட்டில் இரண்டு சிலுவைகள்

1992 ஆவணி. காலை ஐந்தரைக்கு இணுவிலில் சைக்கிள் ஏறினேன். மணற்காட்டுக்கு இருபது கட்டைக்கு, அதாவது இருபது மைலுக்கு மேல். கமராவில் மூன்று படத்துக்குத்தான் பிலிம் இருந்தது. போர்க்காலப் பொருள்தடையால் புதுச்சுருள் யாழ்ப்பாணத்தில் எங்கும் இல்லை. மணலுக்குள் பாதி புதைந்த பழைய தேவாலயத்தை முந்தின வருடமே எடுத்திருந்தேன். ஒரு வருடக் காற்று மணலை எவ்வளவு நகர்த்தியிருக்கிறது என்று ஒப்பிட, பழைய படமும் பையில் இருந்தது.

ஏழே முக்காலுக்குக் கரவெட்டியில் பனங்கட்டியோடு ஒரு தேத்தண்ணி, மூன்று ரூபா.

ஒன்பதரைக்கு மணல்மேட்டில் நின்றேன். தேவாலயச் சுவர் இடுப்பளவுதான் தெரிந்தது. ஒரு பறவைச் சத்தமும் இல்லை. மணல் மட்டும் சுவரில் உரசிக்கொண்டே இருந்தது.

"தம்பி, பாத்து நடவுங்கோ. கீழை ஆக்கள் கிடக்கினம்."

சுவருக்கு அப்பால் ஒருவர் முழங்காலில் நின்று கையால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார். மரியதாஸ் என்ற மீனவர். நான் நின்ற இடம் சவக்காலை, ஊராரைப் புதைக்கும் கல்லறை நிலம்.

"மனுசியின்ரை சிலுவையைத் தேடுறன். போன மாதம் தெரிஞ்சது. இப்ப மேடே மாறிப்போச்சு."

பழைய படத்தை எடுத்துக் காட்டினேன். அதில் சுவர்மூலைக்கு நேரே, தனிப்பனைக்கு இடப்பக்கம், ஒரு சிலுவை. நெடுநேரம் பார்த்தார்.

"ஓம். அவதான்."

சுவரையும் பனையையும் நேர்பிடித்து இடத்தைக் குறித்தோம். இருவரும் தோண்டினோம். முழங்கை ஆழத்தில் மரம் தட்டுப்பட்டது. அதிலிருந்த மனைவியின் பெயரை அவர் விரலால் தடவினார்.

மணலை இன்னும் விலக்கியபோது, இரண்டு முழம் தள்ளி வேறொரு சிலுவை. பச்சைப் பூவரசந்தடி, சணல்கயிற்றால் கட்டியது. பெயர் இல்லை. என் படத்தில் அந்த இடம் வெறும் மணல்.

"இது ஆர் அண்ணை?"

"தெரியேல்லை. எங்கடை ஊரிலை இந்த வருசம் செத்த எல்லாரையும் எனக்குத் தெரியும். உது எங்கடை ஆள் இல்லை."

போய்விடத்தான் நினைத்தேன். அவரோ இரண்டு சிலுவைகளையும் நிமிர்த்தி நட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றினார்.

"பனையும் சுவரும் விழுற மாதிரி எடுங்கோ தம்பி. ஆரும் தேடிக்கொண்டு வந்தாக் காட்டலாம்."

மூன்று படத்தையும் அங்கேயே எடுத்தேன்.

பத்தே முக்காலுக்குத் திரும்பினேன். எங்கள் ஊரில் இறந்தவர்களை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்துவிடுவோம். தேட ஒன்றும் மிஞ்சாது. அதை ஓர் ஆறுதல் என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.