தோன்யா பிரிமியின் சாட்சிகள்

காய்ச்சி வடித்த தண்ணீர் கேன்கள் வந்து இறங்கினால், தோன்யா பிரிமி முதலில் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். அடுத்து, கொண்டுவந்தவனின் முகத்தைப் பார்ப்பார். இரண்டும் சரியென்று பட்டால்தான் கையெழுத்து.

முழுப்பெயர் பிரிமித்திவா தெர்செரோஸ்; தோன்யா என்பது மரியாதைக்குச் சொல்வது. பொலிவியாவின் கொச்சபம்பாவில் எங்கள் உயிரித் தொழில்நுட்பத் துறையின் செய்முறை வகுப்புகளுக்குப் பதினேழு வருடமாக, குடுவையில் செடி வளர்க்கும் ஊட்டக்கூழ் காய்ச்சித் தருபவர் அவர்தான். மடிப்புப் பாவாடைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. இரட்டைப் பின்னல் சுருட்டித் தொப்பிக்குள். முழங்கை வரை அல்கஹாலில் கழுவாமல் தன் அறைக்குள் நுழையமாட்டார். அந்த அறையை எல்லோரும் அடுக்களை என்றே சொல்வோம்.

ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் இரண்டு குடுவைகளை யாருக்கும் தராமல் எடுத்து, மூடியில் 'சாட்சி' என்று எழுதி, ஒரு வாரம் அலமாரியில் வைத்திருப்பார். அவை தெளிவாகவே இருந்தால் கூழில் குற்றமில்லை.

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எல்லாரும் என்னைத்தான் பாப்பாங்க" என்பார்.

பதினேழு வருடமாக யாரும் பார்க்கவில்லை. இந்த மார்ச்சில், கார்னிவல் திருவிழா முடிந்து வகுப்புகள் தொடங்கியதும் பார்த்தார்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் உருளைக்கிழங்குத் தண்டின் கணுக்களை வெட்டிக் குடுவைகளில் ஊன்றியிருந்தார்கள். சுத்தக் காற்று வீசும் புதுப் பெட்டிக்குள் வைத்துச் செய்த வேலை அது. ஒரே வாரத்தில் நாற்பத்தாறு குடுவைகளில் நாற்பது பால்போல் கலங்கிவிட்டன. நுண்ணோக்கியில் பார்த்தோம். மொட்டுவிட்டு மொட்டுவிட்டுப் பெருகும் ஈஸ்ட். திறந்ததும் புளித்த மணம்.

அந்த வகுப்பை மேற்பார்க்கும் இறுதியாண்டு மாணவி நான். எங்களை இங்கே, உதவியாளர் என்பதன் சுருக்கமாக, 'ஆக்ஸி' என்று கூப்பிடுவார்கள்.

"ஆக்ஸி, இது அசல் சிச்சா வாசனை" என்றான் வில்டர். "சிச்சாக்கடை மாதிரி வாசல்ல ஒரு வெள்ளைக் கொடிய நட்டா இன்னைக்கே வியாபாரம் ஆரம்பிச்சிடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். கதவருகில் தோன்யா பிரிமி நின்றிருந்தார். அவருடைய தங்கை பக்கத்து ஊரான க்ளீசாவில், மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்த கள்ளான சிச்சா காய்ச்சி விற்பவர் என்பதும், ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் போய் உதவுகிறார் என்பதும் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று திங்கட்கிழமை. மாலையில் பேராசிரியர் டாக்டர் உர்கிதி என்னைத் தன் அறைக்கு அழைத்தார். தோன்யா பிரிமியின் ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று டாக்டர் வெள்ளிக்கிழமைக்குள் டீனுக்கு எழுத வேண்டும்.

"பதினேழு வருஷமாச்சேன்னுதான் யோசிக்கிறேன். ஆனா ஈஸ்ட் வேற எங்கேருந்து வரும்? நீயும் அவங்க மாதிரி கெச்சுவா பேசறவ, உன்கிட்ட சகஜமா இருப்பாங்க. கூடவே இருந்து பாரு."

"சாட்சிக் குடுவை ரெண்டும் தெளிவா இருக்கே, டாக்டர்."

"அதை மாத்தி வைக்க எவ்வளவு நேரமாகும்?"

சந்தேகம் என்னையும் தொற்றிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் போனேன். தோன்யா பிரிமி காற்றுப்பெட்டி அறையிலிருந்து ஒரு துணிப்பையோடு வெளியே வந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அங்கே அவருக்கு வேலையில்லை. நோட்டில் குறித்துக்கொண்டேன். மதியம் அவர் டாக்டரின் கதவுக் கைப்பிடியருகே குனிந்து நின்றதையும் குறித்தேன். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"கோட்டைக் கழட்டிக் குடு, ஆக்ஸி. அதோட கையில கறை."

கொடுத்தேன். கறை எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு நிமிடத்தில் துவைக்காமலே திருப்பித் தந்தார். பிறகு ஸ்பானிஷை விட்டுவிட்டுக் கெச்சுவாவில் மெதுவாகச் சொன்னார்:

"எழுதறதுன்னா நேராவே எழுது. சுவரோரமா நின்னு எழுதாதே. நானும் உன்னைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

அதற்குப் பின் மூன்று நாட்கள் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவர் கூழ் கிளறுவதை நான் பார்த்தேன். நான் கை கழுவுவதை அவர் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை என்னையும் டாக்டரையும் அடுக்களைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் கூழ் ஊற்றிய ஐந்து கண்ணாடித் தட்டுகள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் காற்றில் என்னென்ன இருக்கிறதென்று பார்க்கச் செய்வார்களே, அதே பயிற்சி. ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்து: 'என் கை', 'ஆக்ஸி கோட்டு', 'டாக்டர் கைப்பிடி', 'அடுக்களைக் காற்று', 'பெட்டி உள்ளே'.

அவர் கை பதிந்த தட்டு சுத்தமாக இருந்தது. அடுக்களைக் காற்றில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. டாக்டரின் கைப்பிடியில் ஏழெட்டு மஞ்சள் புள்ளிகள். என் கோட்டில் பச்சைப் பூசணம்.

"நல்லாத் தோய்ச்சுப் போடு" என்றார் என்னிடம்.

ஐந்தாவது தட்டில் புள்ளி வைக்க இடமில்லை. வெண்ணெய் நிறத்தில் ஈஸ்ட், விளிம்பு வரை. ஆய்வகத்திலேயே சுத்தமான இடம் என்று நாங்கள் நம்பிய பெட்டிக்குள் வைத்த தட்டு அது.

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "இதையும் நீங்களே போட்டிருக்கலாம், தோன்யா பிரிமி."

"போட்டிருக்கலாம். அதனாலதான் நான் பெட்டியப் பிரிக்கலை." பாவாடை மடிப்பிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து நீட்டினார். "பெட்டிக்குள்ள பின்பக்கத் தகட்டை நீங்களே கழட்டுங்க."

"கழட்டினா கம்பெனிக்காரன் உத்தரவாதம் செல்லாதும்பான்."

"என் ஒப்பந்தம் செல்லுமா டாக்டர்?"

அவர் திருப்புளியை என்னிடம் தந்துவிட்டார். மூவரும் காற்றுப்பெட்டி அறைக்குப் போனோம். நான் துளைத்தகட்டைக் கழற்றினேன். பின்னால், காற்றைச் சுத்தமாக்கும் வடிகட்டியின் வெள்ளை முகத்தில், கை உயரத்தில், பழுப்பாக ஒரு தெறிப்பு. காற்று அந்தத் தெறிப்பைத் தாண்டித்தான் குடுவைகள்மேல் வீசியிருக்கிறது. அதில் ஒட்டிக்கொண்டு ஊதா நிறத்தில் இரண்டு காகிதப் பொட்டுகள்.

கார்னிவலுக்கு முந்தைய வெள்ளியன்று இந்த ஊரில் காகிதப் பொட்டும் பூவும் தூவி, பூமித்தாய் பச்சமாமாவுக்குச் சிச்சா ஊற்றாத அலுவலகம் கிடையாது. ஆய்வகத்துக்குள் மட்டும் கூடாதென்று டாக்டரே கதவில் தாள் ஒட்டியிருந்தார். அறைக்குச் சாவி இரண்டு; ஒன்று எப்போதும் டாக்டரிடம். தோன்யா பிரிமி வியாழனன்றே தன் சாவியை டாக்டரிடம் ஒப்படைத்து, நோட்டில் அவருடைய கையெழுத்தும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அந்த நோட்டு இப்போது தோன்யா பிரிமியின் கையில் இருந்தது. அதைத் திறக்கத் தேவைப்படவில்லை.

டாக்டரின் காது சிவந்திருந்தது.

"ரெண்டு சொட்டுதான் தெளிச்சேன்" என்றார். "ரெண்டு வருஷம் அலைஞ்சு வாங்கின பெட்டி. ஜனவரியிலதான் வந்துச்சு. எதுவும் ஆயிடக்கூடாதேன்னு."

"சிச்சா எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"என் தங்கச்சி வீட்டுது" என்றார் தோன்யா பிரிமி. "கார்னிவலுக்கு முந்தின புதன்கிழமை ஒரு பாட்டில் கேட்டாரு. படிக்கட்டுல ஊத்தறதுக்குன்னாரு. மறுநாள் நானே கொண்டாந்து குடுத்தேன்."

"அப்ப உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"தெரியாது. சந்தேகம்."

"சொல்லியிருக்கலாமே."

"சிச்சாக்காரியோட அக்கா சொன்னா யாரு கேப்பா?" அடுக்களைக்குத் திரும்பியதும் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார். "டாக்டர், அடுத்த வருஷம் ஊத்தியே தீரணும்னா எழுபது சதவீத அல்கஹாலை ஊத்துங்க. பச்சமாமா அதையும் குடிப்பா."

டாக்டர் சிரிக்க முயன்றார். பன்னிரண்டு மணிக்குள் நீட்டிப்புக் கடிதத்தை அடித்துக் கொடுத்தார். தோன்யா பிரிமி அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். என்னை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு யாரிடமும் கொடுத்தனுப்பாமல், தானே டீன் அலுவலகத்துக்குப் போய் நகலில் முத்திரை வாங்கி வந்தார்.

திரும்பி வந்ததும் என் நோட்டைக் கேட்டார். தயக்கத்தோடு கொடுத்தேன். 'செவ்வாய், காலை ஏழு மணி, துணிப்பையோடு' என்ற வரியைத் தேடிப்பிடித்து, அதன் பக்கத்தில் 'பையில் ஐந்து தட்டுகள்' என்று எழுதினார்.

"கையெழுத்துப் போடு."

போட்டேன்.

புது வடிகட்டி வரும்வரை பெட்டியைப் பூட்டிவைத்து, மேசையில் சாராய விளக்குகளை ஏற்றிச் செய்முறையை மறுபடி நடத்தினோம். ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மற்ற நான்கு தட்டுகளையும் தோன்யா பிரிமி கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டார். ஐந்தாவது மட்டும் குளிர்பெட்டியின் கீழடுக்கில், நான்கு பக்கமும் டேப் ஒட்டி, 'சாட்சி' என்ற எழுத்தோடு இருக்கிறது.

"இன்னும் எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அடுத்த மார்ச்சும் வருமே" என்று சொல்லி, டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.