ரேணுகாம்பாள் புத்தி சொல்லிக் கொடுத்த லாட்ஜ்

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மூடியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, கையைக் காலை அசைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் ரேணுகாம்பாள். வெளியே கட்டடத்துக்குச் சொந்தக்காரர் சங்கடத்தோடு நிற்கிறார். வேலை பார்க்க வந்த இன்ஜினியர் வந்ததும் வராததுமாகக் கழிப்பறைக்குப் போய் இத்தனை நேரம் வெளியே வராவிட்டால், அவர்தான் என்னவென்று கேட்பார்? உள்ளே விளக்கு அணைகிறது. "அணைஞ்சிடுச்சுண்ணா" என்று குரல் வருகிறது. அதில் கொஞ்சம் வருத்தமும், குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தியும் இருக்கின்றன.

ஆள் இருந்தால் எரிந்து, இல்லாவிட்டால் அணையும் விளக்குக்கு முதல் பரீட்சை கழிப்பறையில்தான் என்பது அவள் கட்சி. "ஹால்ல எல்லாரும் கைய கால ஆட்டிக்கினு இருப்பாங்க. அங்க எரியறது பெரிசில்ல. ஒருத்தன் மலச்சிக்கல்ல உக்காந்துனு இருக்கான், அவனுக்கு எரியுதா? அத சொல்லுங்க" என்பாள். எதிரில் இருப்பவருக்குச் சிரிப்பு வந்தாலும் அவளுக்கு வராது.

அவளுடைய ஊர் அடி அண்ணாமலை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று உறவுக்காரர்கள் கேட்டால், "வூட்டுக்கு புத்தி சொல்ற வேலை" என்கிறார் அம்மா. "ஜனங்களுக்கு சொன்னா யாரு கேக்கறாங்க? அதான் செவுத்துக்கு சொல்றா." இந்த விளக்கத்தில் பெரிய தவறு ஒன்றும் இல்லை. ஒரு கட்டடத்துக்கு எங்கெங்கே கண் வைப்பது, எங்கே காது வைப்பது, கதவு திறந்தால் அது யாருக்குச் சொல்ல வேண்டும், தொட்டி நிரம்பினால் மோட்டாருக்குச் சொல்வது யார் என்றெல்லாம் வரைபடம் போட்டுக் கொடுத்து, பொருத்தி, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பேச வைப்பதுதான் அவள் தொழில்.

நடக்கும்போது அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, கூரையைத்தான் பார்ப்பாள். கல்யாண மண்டபத்தில் அவள் அண்ணாந்து நிற்பதைப் பார்த்து, பல்லி விழுந்துவிடுமோ என்று பந்தியிலிருந்து எழுந்தவர்கள் உண்டு. கட்டடங்களை 'அவன்', 'இவன்' என்றுதான் சொல்வாள். "இவன் அவசரக்காரன், நாம தாண்டறதுக்குள்ள அணைச்சிடுவான்" என்று ஒரு பல் ஆஸ்பத்திரியைப் பற்றி ஒருமுறை சொன்னாள். பையில் ஸ்குரூ டிரைவர், டேப், பொட்டுக்கடலை, ஒரு விபூதிப் பொட்டலம். புதுப் பெட்டி எதையும் ஓட விடுவதற்கு முன் அதன் நெற்றியில், அதாவது கம்பெனி பெயர் இருக்கும் இடத்தில், விபூதி வைப்பாள். பெட்டியோடு வந்த புத்தகத்தில் அப்படி ஒரு முறை சொல்லப்படவில்லை.

சென்னையில் ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் இருந்தாள். பிறகு தனியாகத் தொழில் செய்கிறேன் என்று ஊருக்கு வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்றால், "அங்க தண்ணி சரியில்ல" என்பாள். உண்மை அதுவல்ல. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை இல்லை என்பதை அவளால் கடைசிவரை தாங்கிக்கொள்ள முடியவில்லை. இதை வெளியே சொல்ல அவளுக்கு வெட்கம்.

ஊரில் கிடைத்த முதல் பெரிய வேலை ஆதிமூலத்தின் லாட்ஜ். ரமணாசிரமம் தாண்டி, செங்கம் ரோட்டின் மேல் நாலு மாடி. ஆதிமூலத்துக்கு எதையாவது தானாக நடக்க வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பதில் ஆசை அதிகம். அவருடைய மைத்துனர்கள் இரண்டு பேர் அதே ரோட்டில் விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த லாட்ஜ் ஒழுங்காக நடந்தால் அந்த வேலையும் ரேணுகாம்பாளுக்குத்தான். நடக்காவிட்டால் அவள் மறுபடியும் சென்னைக்குப் போக வேண்டியதுதான். பழைய கம்பெனி கார்த்திகை மாதம் முடிகிறவரை அவள் நாற்காலியை வேறு யாருக்கும் தருவதில்லை என்று சொல்லியிருந்தது.

லாட்ஜ் திறந்த கொஞ்ச நாளில் பிரசாத் என்பவர் வந்து தங்கினார். ஆந்திராவில் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். விடிந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திறப்பார். அறையின் கண் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தது. அசைவு இல்லை. ஆள் போய்விட்டார் என்று முடிவு செய்து விளக்கை அணைத்தது, விசிறியை நிறுத்தியது, அறை காலி என்று வரவேற்பில் இருந்த கம்ப்யூட்டருக்கும் பொறுப்பாகச் சொன்னது.

ஆதிமூலம் அந்த அறையைக் குண்டூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் கதவைத் திறந்தார்கள். இருட்டில், திறந்த மார்போடு, மூச்சு விடுவதுகூடத் தெரியாமல் ஓர் உருவம். குடும்பத்தோடு விழுந்து கும்பிட்டார்கள். கொண்டுவந்திருந்த வாழைப்பழச் சீப்பைக் காலடியில் வைத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு கீழே வந்தார்கள். ரூமில் சாமி இருக்கிறார், எங்களுக்கு வேறு அறை போதும் என்று ஆதிமூலத்திடம் பயபக்தியோடு சொன்னார்கள். மதியம் கண் திறந்த பிரசாத், பழம் நன்றாக இருந்ததாக வரவேற்பில் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

"இன்னாமா இது? உசுரோட உக்காந்துனு இருக்கற மனுசன உன் மிஷினு காலின்னு சொல்லுதே!" என்று கத்தினார் ஆதிமூலம்.

"அவரு அசையவே இல்லண்ணா."

"அசையாம இருக்கத்தாம்மா இந்த ஊருக்கே வராங்க!"

மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதையே கண்டுகொள்ளும் வேறு கருவிகளை வரவழைத்து எல்லா அறைகளிலும் மாற்றினாள். பிரசாத்துக்கு எதிரே தானும் அசையாமல் உட்கார்ந்து ஒரு காலை முழுக்கச் சோதித்தாள். விளக்கு அணையவில்லை. ஆனாலும் ஆதிமூலத்துக்கு மனசு ஆறவில்லை. "தீபத்தன்னிக்கு பாக்கறேன். அன்னிக்கு சொதப்புச்சுன்னா எல்லாத்தையும் கழட்டிட்டு சாதா ஸ்விட்ச் போட்டுடுவேன்" என்றார்.

அவர் பயம் நியாயமானது. கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் ஊரில் வீட்டுக்கு வீடு விளக்கு ஏற்றுவார்கள். லாட்ஜுக்கோ இருட்டினால் தானாக விளக்குப் போடும் பழக்கம். அதுவும் மழைக்காலத்தில் சாயங்காலம் ஆவதற்கு முன்பே போட்டுவிடும். மலைக்கு முன்னால் நம் லாட்ஜ் எரிந்தால் தெருவில் தலைகாட்ட முடியாது என்றார் ஆதிமூலம். மணியைக் கணக்கு வைத்து எரிய வைக்கலாம் என்றாள் ரேணுகாம்பாள். "மலைக்கு நீ டைம் வெப்பியா?" என்று கேட்டாள் ஆதிமூலத்தின் மனைவி கன்னியம்மாள்.

அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்துவிட்டது. மொட்டை மாடியில் ஒரு கம்பம் நட்டு, மலை உச்சியையே பார்க்கும்படி கேமரா பொருத்தினாள். அது நெருப்பைக் கண்டால் உடனே நாலு மாடியும், வாசல் சீரியல் செட்டும் ஒன்றாக எரிய வேண்டும். அதுவரை ஒரு பொட்டு வெளிச்சம் கூடாது. "எல்லாரும் பாக்கற மாரி அவனும் மலைய பாத்துட்டு ஏத்தட்டும்" என்றாள். ஆதிமூலம் இதைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்தார். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பெட்டி நிறைய விபூதி வைத்தாலும் மறைக்க முடியாது.

தீபத்தன்று தூறல். உச்சியை மேகம் மூடியிருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் மொட்டை மாடிகளில் ஜனம் அண்ணாந்து நின்றது. லாட்ஜ் மாடியில் கன்னியம்மாள் அகல்களை வரிசையாக அடுக்கி எண்ணெய் ஊற்றி வைத்திருந்தாள். ஆதிமூலம் கற்பூரத் தட்டோடு கேமராவுக்குப் பக்கத்தில் நின்றார். அதன் பக்கத்தில் நின்றால் மலை இன்னும் சீக்கிரம் தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ. தூறலில் தீப்பெட்டி நமத்துப் போயிருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. ஒரு குச்சியை உரசிப் பார்த்தார்.

குச்சி நன்றாகவே பற்றியது. கேமராவுக்கு முன்னால் பற்றியது.

நாலு மாடியும் பளிச்சென்று எரிந்தன. ஆதிமூலம் குச்சியைக் கீழே போட்டார். பக்கத்து மாடியில் ஒருவர், "லாட்ஜ் எரியுது, ஏத்திட்டாங்கப்பா!" என்றார். அரோகரா சத்தம் மாடிக்கு மாடி தாவியது. வீடுகளில் விளக்குகள் வந்தன. கன்னியம்மாள் அவசரமாக முதல் அகலை ஏற்றினாள். கற்பூரம் கொழுந்துவிட்டு எரிய, ஆதிமூலத்தின் கண்களில் நீர் வழிந்தது.

"மேகத்துக்குள்ளாறயே பாத்துடுச்சேம்மா! ரெண்டு பில்டிங்கும் உனுக்குத்தான். இனிமே உன்ன எவன் சென்னைக்கு அனுப்பறான்னு பாக்கறேன்."

குச்சி உரசியதைப் பார்த்தவள் ரேணுகாம்பாள் ஒருத்திதான். இன்னும் சில நிமிஷத்தில் மலையில் நிஜமாகவே ஏற்றிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், ஊரிலேயே இருக்கலாம், காலையில் ஜன்னலைத் திறக்கலாம். ஆனால் ஏற்றாத தீபத்தைப் பார்த்து ஜனம் கும்பிட்டுக்கொண்டிருந்தது. செல்லை எடுத்து லாட்ஜை அணைக்கப் பார்த்தாள். லட்சக்கணக்கான செல்கள் கூடிவிட்ட ஊரில் அவளுடையதற்கு இடம் கிடைக்கவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. படிகளில் இறங்கி ஓடினாள்.

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மீட்டர் அறைக்குள் நுழைந்து மெயினைக் கீழே இழுத்தாள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாகக் கிளம்பும். அதுவும் அவள் சொல்லிக் கொடுத்த புத்திதான். கிளம்ப விடாமல் அதன் சிவப்புப் பொத்தானை இடது கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். லாட்ஜ் இருட்டானது.

"எவன் அணைச்சது?" என்று மேல்படியிலிருந்து ஆதிமூலத்தின் குரல் வந்தது.

"நான்தாண்ணா."

"எதுக்கு?"

"மலைல இன்னும் ஏத்தலண்ணா. அது பாத்தது உங்க தீக்குச்சிய."

"ஐயோ, நான் வெளக்க ஏத்திட்டனே!" என்று மேலே கன்னியம்மாள் அலறினாள். யாரோ ஓடிப்போய்ப் பக்கத்து மாடிக்காரர்களிடம் கத்திச் சொல்வது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஆதிமூலம், "நாளைக்கு வயர்மேன வரச்சொல்றேன். எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துட்டுப் போ" என்றார். அவர் படியேறிப் போகும் சத்தம் கேட்டது.

கையை எடுக்க முடியாமல் அவள் இருட்டில் நின்றாள். அழுகை வந்தது. மீட்டர் அறைக்கு ஜன்னல் கிடையாது. நினைவு தெரிந்த நாளிலிருந்து தீபம் தெரியும் அந்த முதல் நொடியை அவள் தவறவிட்டதில்லை. சென்னையில் இருந்தபோதும் அதற்காகவே லீவு போட்டு வருவாள்.

கோயில் பக்கமிருந்து சத்தம் கிளம்பியது. இது தெருச் சத்தம் இல்லை, ஊரே எழுப்பும் சத்தம். ரோட்டை நிறைத்துக்கொண்டு வந்து லாட்ஜின் சுவரில் மோதியது.

ரேணுகாம்பாள் மீட்டர் பெட்டியைப் பார்த்தபடியே வலது கையால் மெயினை மேலே தள்ளினாள். பொத்தானை விட்ட இடது கை, துணைக்கு இன்னொரு கை இல்லாமலே, கும்பிடத் தலைக்கு மேலே போயிருந்தது.