கண்ணையனுக்குக் கை தூக்கிய தாடிக்காரர்

ஒருவரைக் கண்டதும் ஒரு தெருவே ஜன்னலைச் சாத்துகிறது என்றால் அவர் திருவிழா நன்கொடை ரசீதோடு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டுக் கேட்க வந்திருக்க வேண்டும். கண்ணையன் இரண்டுக்கும் வரவில்லை. நம் நன்மைக்காக வந்தார். தோளில் புகை மெஷினை மாட்டிக்கொண்டு கொசு மருந்து அடிக்க வந்தார். நன்மைக்காக வருகிறார் என்று தெரிந்ததால் நாம் இன்னும் வேகமாகச் சாத்தினோம்.

அவர் தவளக்குப்பத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்துக்காரர். நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். தம்பிக்கு டவுனில் வேலை. நிரந்தர வேலை இல்லை, வவுச்சரில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கும் வேலை. அடுத்த வருஷம் நிரந்தரமாக்கிவிடுவோம் என்று வருஷா வருஷம் தவறாமல் சொல்வார்கள். அந்த அடுத்த வருஷத்தை நம்பி, ஆபீசில் மேஸ்திரி முதல் அதிகாரி வரை, அதிகாரி லீவில் இருந்தால் அவருடைய காலி நாற்காலி வரை, எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார் கண்ணையன். பதிலுக்கு ஒருவரும் கை தூக்கியதில்லை. தெருவில் பிள்ளைகள் கூச்சலோடு பின்னால் ஓடிவருவார்கள். அதுவும் புகைக்காக. புகைக்குள் ஓர் ஆள் இருப்பது யாருக்குத் தெரிகிறது?

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், சிக்குன்குனியா ஊருக்குள் நுழைந்த நேரம். கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்கு மருந்தடிக்கப் போனார். அங்கே வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரத் தம்பதி காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி மட்டும் இருந்தது. அதற்குள் ஓர் ஓணான். நம்மூர் வேலி ஓணான் இல்லை. கை நீளம், தட்டை உடம்பு, தாடைக்குக் கீழே முள்முள்ளாகத் தாடி.

கண்ணையன் மெஷினைத் தூக்கினார். ஓணான் அவரைப் பார்த்தது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, மெதுவாக, அரைவட்டமாக ஆட்டியது.

அவர் மெஷினை அணைத்தார். திரும்பிப் பார்த்தார். பின்னால் அதிகாரி யாரும் இல்லை. அப்படியென்றால் அந்தச் சலாம் அவருக்குத்தான்.

"அத எடுத்துக்கினு போறீங்களா அண்ணே?" என்றார் வாட்ச்மேன். "யாருக்காவது குடுத்துடுன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க. கீரை குடுக்கணுமாம், உயிரோட பூச்சி குடுக்கணுமாம். பூச்சி ரொம்பப் பெருசா இருக்கக் கூடாதாம். அதோட ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எவ்வளவு எடமோ அவ்வளவுதானாம்."

"பூச்சியா?" என்று சிரித்தார் கண்ணையன். "பூச்சிக்கு எங்கிட்டயா பஞ்சம்?"

தட்டாஞ்சாவடியில் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டுக்குத் தொட்டி போய்ச் சேர்ந்தது. அதற்கு நல்ல சூடு வேண்டும் என்றும் வாட்ச்மேன் சொல்லியிருந்தார். தகரக் கூரை அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. மனைவி அஞ்சலாட்சிதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஊர்ல எல்லாரும் நாய் வளக்கறாங்க, கிளி வளக்கறாங்க. ஓணானக் கொண்டாந்து நடு வூட்ல வெக்கிற ஒரே ஆம்பள நீதான்யா."

"கிட்ட வந்து பாரு."

வந்து பார்த்தாள். ஓணான் அவளுக்கும் கை தூக்கியது. அஞ்சலாட்சி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் வாயில் அது ஓணான் இல்லை. 'தாடிக்காரரு.'

பூச்சிக்குப் பஞ்சமில்லை என்று கண்ணையன் சொன்னது வெறும் பேச்சில்லை. சாக்கடை மூடியைத் திறந்து புகையை உள்ளே விட்டால் கரப்பான்கள் கும்பல் கும்பலாக வெளியே வரும். துரத்த வேண்டாம், தடவ வேண்டாம்; அவையே தள்ளாடி வந்து காலடியில் மல்லாக்க விழும். காலை உதைத்துக்கொண்டு இருப்பதால் உயிரோடும் இருக்கின்றன. அவற்றில் சின்னதாகப் பார்த்து டப்பாவில் அள்ளிக்கொண்டு போனார். வேலையும் ஆச்சு, வீட்டுக்கு வாங்கிப்போன மாதிரியும் ஆச்சு. இப்படி ஒரு வசதி ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. இப்படி ஒரு தவறையும் வேறு யாராலும் செய்திருக்க முடியாது.

தாடிக்காரர் படுத்துவிட்டார். கால்கள் வெடவெடத்தன. வைக்கோல் நிறத் தாடி கரியாகக் கறுத்துப்போனது. கை தூக்குவதாவது, தலையையே தூக்கவில்லை.

கண்ணையன் தொட்டியோடு மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்னா ஊசி போடறதுன்னு எனக்குத் தெரியாதுப்பா, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடும்" என்று உண்மையைச் சொன்னார். அந்த உண்மைக்காக அவரைப் பாராட்டலாம். மருந்துக் கடை வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த இடத்தில் மூன்று மாத்திரை கொடுத்திருப்பார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது அஞ்சலாட்சி. கரப்பான் டப்பாவை மோந்து பார்த்தாள்.

"யோவ், இது ஒவ்வொண்ணும் உன் மருந்தக் குடிச்சிட்டு வந்ததுய்யா. அதத் தின்ன வாய் எப்படிப் பொழைக்கும்?"

கண்ணையன் டப்பாவை வாங்கித் தானும் மோந்து பார்த்தார். வாழ்க்கையில் அவருக்குக் கை தூக்கிய ஒரே ஜீவன். அதற்கு அவர் கையாலேயே மருந்து ஊட்டியிருக்கிறார்.

அஞ்சலாட்சி விரல் நுனியில் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு அதன் உதட்டில் வைத்தாள். ஒருநாள் அது கண்ணைத் திறந்து நாக்கை நீட்டியது. பிழைத்துவிடும் போலிருந்தது. ஆனால் கீரையை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தெம்பு வர வேண்டுமானால் பூச்சி வேண்டும், மருந்து படாத பூச்சி. அதற்கு எங்கே போவது? அவர் பார்த்த தெருவெல்லாம் அவரே புகை போட்ட தெரு. கிராமத்துக்குப் போனால் வெட்டுக்கிளி கிடைக்கும் என்று பஸ் ஏறினார். வயல் வரப்பில் அண்ணன் முதுகில் பூச்சிமருந்து டேங்க்கோடு நின்றிருந்தார். அன்று காலையில்தான் அடித்தாராம். தம்பிக்கும் அண்ணனுக்கும் ஒரே தொழில் என்பது அப்போதுதான் கண்ணையனுக்கு உறைத்தது.

தேங்காய்த்திட்டு மீன் துறைக்குப் போனார். ஈயாவது பிடிக்கலாமே.

"என்னாண்ணே, கூடையையே சுத்திச் சுத்தி வர்றீங்க? வஞ்சிரம் வேணுமா, சங்கரா வேணுமா?" என்றாள் ஒரு மீன்காரம்மா.

"மீன் வேணாம்மா. மேல ஒக்காந்திருக்கற ஈ இருந்தாப் போதும்."

"ஏய் ராஜாம்பா, இங்க வாடி! மீன வுட்டுட்டு ஈயக் கேக்கறாரு ஒருத்தரு. கிலோ என்னா வெலன்னு சொல்லு!"

துறையே சிரித்தது. ஈயும் சிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் எங்கள் சந்து அவருக்கு ஞாபகம் வந்தது. நகரத்திலேயே அவர் புகை நுழையாத ஒரே சந்து. அந்தப் பெருமைக்குக் காரணம் லூயிஸ். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். எல்லோருக்கும் அவர் முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா. அவருக்கு மூச்சிரைப்பு. மெஷின் சத்தம் கேட்டாலே பிரம்பு நாற்காலியை இழுத்துப்போட்டுச் சந்து முனையில் குறுக்கே உட்கார்ந்துவிடுவார். கண்ணையன் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். நாங்கள் சும்மா இருந்தோமா? எங்கள் சந்தை மட்டும் ஒதுக்குகிறார்கள் என்று அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தோம். அதற்கான திட்டு முசியேவுக்கு விழவில்லை, கண்ணையனுக்கு விழுந்தது. மனுக்கள் இப்படித்தான் வேலை செய்யும்.

அன்று கண்ணையன் மெஷின் இல்லாமல் வந்தார். முசியே பழக்கதோஷத்தில் நாற்காலியை இழுத்தார்.

"போ, போ! என்னக் கொன்னுட்டு உள்ள போ!"

"முசியே, மெஷின் இல்ல. ஒரு ஒதவி கேட்டு வந்தேன். உங்க சந்துல பூச்சி இருக்குதுங்களா?"

"என்னது?"

"கரப்பான், வெட்டுக்கிளி, சுவர்க்கோழி... எதுவா இருந்தாலும் சரி. உசுரோட வேணும்."

முசியேவுக்குப் பல போர்களைப் பற்றித் தெரியும். இப்படி ஒரு தாக்குதலைச் சமாளித்துப் பழக்கமில்லை. அவருடைய மருமகள் லினெட் டீச்சர் வெளியே வந்து விஷயத்தைக் கேட்டாள். ஓணானின் கதையை, கை தூக்கியதிலிருந்து தாடி கறுத்தது வரை, கண்ணையன் சொல்லி முடித்தார். அதற்குள் ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை.

"கரப்பானா? எங்க வீட்டுல கெடையாதுப்பா" என்றது முதல் தலை.

"எங்க வீட்டுலயும் இல்ல. வேணும்னா பக்கத்து வீட்டுல பாருங்க" என்றது இரண்டாவது.

"பக்கத்து வீடுன்னா எந்தப் பக்கம் சொல்றீங்க நீங்க?" என்றது மூன்றாவது.

கரப்பான் இல்லாத அந்தச் சந்தில், கண்ணையன் கொல்லைப்பக்கச் செங்கல்லையும் மட்டையையும் புரட்டியதும் டப்பா நிறைந்துவிட்டது. மருந்தையே பார்த்திராத, கொழுத்த, துள்ளும் பூச்சிகள்.

"உங்க சந்துக்குக் கோடி கும்பிடுங்க" என்றார். எங்கள் குப்பைக்காக எங்களை ஒருவர் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தார். செய்தி வேறு கொண்டுவருவார்: ஒரு வெட்டுக்கிளி தின்னுச்சு, தாடி வெளுத்துக்கிட்டு வருது, இன்னும் கைதான் தூக்கல. பூச்சிக்காகப் பூந்தொட்டியை நகர்த்தும்போது, பழைய டயரைத் தூக்கும்போது, தேங்காய் மட்டையில் தேங்கிய தண்ணீரைப் பார்ப்பார். அதில் நெளிவது கொசுப் புழு என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா? கவிழ்த்துவிடுவார். பூந்தொட்டித் தட்டைக் கொட்டுவார். தண்ணீர்த் தொட்டியைத் தேய்ப்பார்.

"அதெல்லாம் உன்ன யாரு செய்யச் சொன்னா?" என்றார் முசியே.

"சும்மா வந்து அள்ளிக்கினு போறேன் முசியே. மனசு கேக்கலீங்க."

பக்கத்துத் தெருக்களில் சிக்குன்குனியா வந்து ஒவ்வொரு வீடாக முழங்கால் மடங்காமல் போயிற்று. மாடிப்படியைப் பக்கவாட்டில் ஏறினார்கள். சட்டைப் பொத்தானைப் போட ஆள் தேடினார்கள். எங்கள் சந்தில் எல்லோரும் நிமிர்ந்து நடந்தோம். அதற்குக் காரணம் எங்கள் ரத்தத்தின் தரம் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

லினெட் டீச்சர் இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து ஓணானைப் பற்றிப் படித்துவிட்டு வந்தாள். மின்மினியைக் கொடுத்துவிடாதே, அதற்கு விஷம் என்று எச்சரித்தாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"அது கை தூக்குறது சலாம் இல்லயாம் கண்ணையா. 'நான் சின்னவன், அடிச்சிடாத'ன்னு அர்த்தமாம்."

கண்ணையன் டப்பா மூடியை இறுக்கினார்.

"அதனால என்னாங்க டீச்சர்? நான் ஆபீசருக்குப் போடற கும்பிடுக்கும் அதானே அர்த்தம்."

காய்ச்சல் அதிகமானதும் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒரு சந்து விடாமல் புகை போட வேண்டும். ஒரு நாள் காலை ஜீப் எங்கள் சந்து முனையில் நின்றது. அதிகாரி இறங்கினார். அவருக்கு முன்னால், தோளில் மெஷினோடு, கண்ணையன்.

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடித்தால் தாடிக்காரருக்கு இனி நகரத்தில் வேறு சாப்பாடு இல்லை. அதுவோ இன்னும் எழுந்து உட்காரவே தடுமாறுகிறது. அடிக்காவிட்டால் அந்த அடுத்த வருஷம் போய்விடும். மெஷின் கயிற்றில் கை வைத்தபடி நின்றார். இழுக்கவில்லை.

முசியேவின் நாற்காலி கரகரவென்று வந்தது. உட்கார்ந்தார். அது வழக்கமானதுதான். ஆனால் அதற்குப் பக்கத்தில் லினெட் டீச்சர் ஒரு ஸ்டூலைப் போட்டாள். அடுத்த வீட்டு முக்காலி வந்தது. பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஒருவர் அரிசி மூட்டையையே போட்டு உட்கார்ந்தார்.

"என்ன இது? நீங்கதானே மருந்தடிக்கலன்னு மனுக் கொடுத்தீங்க?" என்றார் அதிகாரி.

"கொடுத்தோம் சார். இப்ப எனக்கு மூச்சிரைப்பு" என்றார் அரிசி மூட்டை.

"எனக்கும்" என்றது முக்காலி.

ஓர் ஓணானுக்காக என்று அரசாங்கத்திடம் சொல்ல முடியுமா? முசியே ஒருவருக்கே இருந்த மூச்சிரைப்பு ஒரே நிமிஷத்தில் சந்து முழுக்கத் தொற்றியது. ஆளாளுக்கு இருமினோம். சில பேர் நன்றாகவே இருமினார்கள்.

"உங்க சந்துல எத்தன பேருக்குக் காய்ச்சல்?"

"ஒருத்தருக்கும் இல்ல" என்றாள் லினெட். "உள்ள வந்து பாருங்க. எங்கயாவது ஒரு சொட்டுத் தண்ணி தேங்கியிருந்தா நாங்க நாற்காலிய எடுத்துடறோம்."

அதிகாரி நாற்காலிகளுக்கு நடுவே நுழைந்து போனார். டயரைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார், தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். எங்கும் உலர்ந்து கிடந்தது. இவ்வளவு சுத்தம் யார் வேலை என்று கேட்டார். எங்கள் வேலைதான் என்று சொல்லத் துடித்த வாய்கள் அங்கே பல இருந்தன. முசியே முந்திக்கொண்டார்.

"உங்க ஆளுதான் முசியே. இதோ நிக்கிறானே, இந்தக் கண்ணையன். ஞாயித்துக்கிழமை லீவு நாள்ல வந்து செய்யறான். ஒரு நன்றி, ஒரு மெர்சி சொல்லுங்க அவனுக்கு."

அதிகாரி திரும்பிக் கண்ணையனைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "சரி, அடுத்த தெருவுக்கு வா" என்றார். அவர் மொழியில் அது மெர்சி.

ஜீப் கிளம்பியது. கண்ணையன் பின்னால் தொற்றிக்கொண்டார். அதிகாரிக்கு எதிரே எங்களைக் கும்பிட முடியாது. மெஷின் பிடிக்காத கையைத் தூக்கி, மெதுவாக, அரைவட்டமாக ஆட்டினார். முசியே நாற்காலியில் இருந்தபடியே தன் கையைத் தூக்கி அதே மாதிரி ஆட்டினார். பிறகு நாங்களும்.

அந்த ஞாயிறு அவர் ஓடிவந்தார். தாடிக்காரர் எழுந்து உட்கார்ந்து அஞ்சலாட்சிக்குக் கை தூக்கிவிட்டாராம். அன்று கண்ணையன் ஒரு செங்கல்லையும் புரட்ட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் மூடியில் ஓட்டை போட்ட ஒரு டப்பா காத்திருந்தது. உள்ளே சரசரவென்று சத்தம்.

எங்கள் டப்பாவில் இருந்தவை மட்டும், உண்மையைச் சொல்கிறேன், பக்கத்து வீட்டுக் கரப்பான்கள்.