மலையில் வெந்துபோன வால்வு ஆம்ப்

மெல்லிசைக் குழுவில் பதினோரு வருடம் பேஸ் கிட்டார் வாசித்தேன். அதில் பாதி நாள் நான் வாசித்தது எனக்கே கேட்டதில்லை. சவுண்டுக்காரர் என் சத்தத்தைத்தான் முதலில் குறைப்பார். கேட்டால், "பேஸெல்லாம் யாருக்குக் கேக்குது, அக்கா?" என்பார்.

அந்த ஆத்திரத்தில்தான், திருக்கோவிலூரில் மைக்செட் கடையை மூடிய ஒரு பெரியவரிடம் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கினேன்; ஆம்ப் என்போம். பேஸ் கிட்டாருக்கென்றே செய்தது. ஸ்பீக்கர் பெட்டி தனி. தூக்கினால் இடுப்பு விட்டுப்போகும். ஆன் செய்து ஒரு நிமிடம் பொறுத்தால் பின்பக்கக் கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவக்கும். கடையிலேயே வாசித்துப் பார்த்தேன். முதல் சுரம் சிமெண்டுத் தரை வழியாக ஏறி அடிவயிற்றில் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணும்மா," என்றார் அவர். "வாசிக்கும்போது ஸ்பீக்கர் ஒயர மட்டும் புடுங்கிடாத. உள்ளார டிரான்ஸ்பார்மர் வெந்துபூடும்."

இதைச் சவுண்டுக்காரரிடம் இரண்டு முறை சொன்னேன். எழுதி ஆம்பின் முதுகில் ஒட்டியும் வைத்தேன்.

கல்வராயன் மலையில் ஒரு கல்யாணம். பகல் கச்சேரி. நான்காவது பாட்டின் நடுவில் என் சத்தம் நின்றது. கிட்டார் ஒயர்தான் தகராறு என்று நினைத்து, ஆம்பைக் கூட்டி வைத்து இன்னும் ஓங்கி வாசித்தேன். கருகல் வாடை வந்தது. திரும்பினால், சவுண்டுக்காரர் கையில் என் ஸ்பீக்கர் ஒயர்.

"இன்னாத்துக்குப் புடுங்கன?"

"பாடுறவங்களுக்கு அவங்க கொரலே கேக்கலியாம். ஒரு பாட்டுக்கு பேஸ் இல்லன்னா இன்னாக்கா?"

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பாடகியின் மைக் திறந்திருந்ததால் ஊர் முழுக்கக் கேட்டது. குழுவின் தலைவர் ஓடிவந்தார்.

"பழசும்மா அது. இன்னிக்கி இல்லன்னா நாளைக்கிப் போயிருக்கும். கிட்டார நேரா சவுண்டு மிக்சர்ல சொருகி வாசி, ஜனங்க பாத்துக்கினு இருக்காங்க."

கிட்டாரைப் பையில் போட்டுவிட்டு மேடைப் படியில் உட்கார்ந்துகொண்டேன். கீபோர்டுக்காரர் இடது கையால் என் பகுதியையும் சேர்த்து வாசித்தார். நன்றாகவே இருந்தது. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது.

கள்ளக்குறிச்சியில் மோட்டார் காயில் கட்டுகிறவர் டிரான்ஸ்பார்மரை மறுபடி சுற்றிக் கொடுத்தார். ஆம்ப் வேலை செய்கிறது, அடியில் ஓர் இரைச்சலோடு. குழுவுக்கு நான் திரும்பப் போகவில்லை. மதியத்தில் வீட்டிலேயே வாசிக்கிறேன். ஜன்னல் கம்பிகள் அதிர்கின்றன.

போன மாதம் தலைவர் போன் செய்தார். "ஏதோ நடந்துபோச்சு, மனசுல வெச்சிக்காதம்மா."

"தானா நடக்கலீங்க. அவுரு புடுங்குனாரு. நீங்க பழசுன்னு சொல்லி மூடிட்டீங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்று ஒரு பாட்டுகூட ஒழுங்காக வாசிக்க முடியவில்லை.